சம்பளத்தில் வாங்கிய கைப்பேசி யாருக்குச் சொந்தம்?

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய சென்னை அலுவலகத்தில், காலை எட்டரை மணிக்குக் கதவைத் திறப்பவர் அலுவலக உதவியாளர் ஒருவர். ஐம்பது வயதைக் கடந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை ‘அண்ணே’ என்றுதான் அழைப்போம். காலையில் விளக்கைப் போடுவது முதல் மாலையில் பூட்டைப் பூட்டிச் சாவியைக் காவலரிடம் ஒப்படைப்பது வரை எல்லாம் அவர் பொறுப்பு. அவரிடம் இருந்தது பொத்தான்கள் கொண்ட பழைய கைப்பேசி. “பேசத்தானே சார் போன், இது போதும்” என்பார்.

ஒருநாள் சுற்றறிக்கை வந்தது. அடுத்த மாதம் முதல் வருகைப் பதிவேடு கிடையாது. ஊழியர்கள் தத்தம் கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவிக்கொண்டு, அலுவலகத்தைச் சுற்றி வரையறுக்கப்பட்ட வட்டத்துக்குள் நின்று, தம் முகத்தைப் படம் பிடித்து வருகையைப் பதிய வேண்டும். அண்ணன் தவணை முறையில் ஒரு திறன்பேசி வாங்கினார். ஒன்பது தவணைகள். அலுவலகம் அதற்கு ஒரு ரூபாயும் தரவில்லை; கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் அன்று தோன்றவும் இல்லை.

நானும் அந்தச் செயலியை நிறுவினேன். அது கேமராவைக் கேட்டது. முகத்தைப் படம் பிடிக்க வேண்டுமே, கொடுத்தேன். தொடர்பு எண்களைக் கேட்டது. ஏன் என்று புரியவில்லை. பிறகு இருப்பிடத்தைக் கேட்டது, அதுவும் ‘எப்போதும்’ என்ற அனுமதியுடன். ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த திரைக்கே போக மறுத்தது. அதோடு, ‘முழு மனத்துடன் ஒப்புதல் அளிக்கிறேன்’ என்று ஒரு படிவம். மனிதவளத் துறையில் விசாரித்தேன். “யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால், வருகைப் பதிவு இனி இதில்தான்” என்றார் அங்கிருந்த இளைஞர். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவருடைய கைப்பேசியிலும் அதே செயலி இருந்தது.

வேலை நேரத்தைக் கணக்கிடுவது புதிதல்ல. அமெரிக்காவில் வில்லார்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர் 1888-ஆம் ஆண்டு ஊழியர்களின் வருகை நேரத்தைப் பதியும் கடிகாரம் ஒன்றை உருவாக்கினார். அவர் குடும்பம் தொடங்கிய நிறுவனம், பல இணைப்புகளுக்குப் பிறகு, இன்று நாம் ஐபிஎம் என்று அறியும் நிறுவனத்தின் முன்னோடிகளுள் ஒன்றானது. இங்கே மதுரையிலும் கோவையிலும் பஞ்சாலைச் சங்கொலி கேட்டு ஊரே எழுந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கடிகாரமும் சங்கும் தொழிலாளிக்குக் கருணை காட்டியவை அல்ல. ஐந்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் கூலியைப் பிடித்த கதைகள் ஆலைக் குடும்பங்களில் இன்றும் உண்டு. என்றாலும், அந்தக் கடிகாரம் ஆலையின் வாசலில் சுவரோடு பொருத்தப்பட்டிருந்தது. தொழிலாளி வீட்டுக்குப் போனபோது அது கூடவே போகவில்லை.

கைப்பேசி கூடவே வருகிறது. ‘எப்போதும்’ என்ற இருப்பிட அனுமதி பெற்ற செயலி, திரையில் தெரியாமல் பின்னணியில் இயங்கியபடி நாம் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ள முடியும். காலையில் ஒருமுறை வருகை பதிவதற்குத் தேவையானது ஒரே ஒரு புள்ளி. அது திரட்ட வல்லதோ ஒரு மனிதரின் முழு வரைபடம். எந்த மருத்துவமனைக்கு வாரந்தோறும் போகிறார், எந்த வழிபாட்டுத் தலத்துக்குச் செல்கிறார், எந்தத் தொழிற்சங்க அலுவலகத்தில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் இருந்தார், வேறு எந்த நிறுவனத்தின் கட்டடத்தில் ஒரு முற்பகலைக் கழித்தார் – நேர்முகத் தேர்வாகத்தான் இருக்க வேண்டும் – என்பதெல்லாம் அதில் அடங்கும். எங்கள் அலுவலகம் இவற்றையெல்லாம் பார்த்தது என்று நான் சொல்லவில்லை. பார்த்ததா இல்லையா என்று அறிந்துகொள்ள எங்களுக்கு வழியில்லை என்பதுதான் குறை.

2015-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் பணியாற்றிய பெண் ஒருவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் கொடுத்த கைப்பேசியில் இருந்த செயலி, பணி நேரத்துக்குப் பிறகும் தன்னைப் பின்தொடர்ந்தது என்பது அவருடைய புகார். வாடிக்கையாளர் அழைப்புக்காக அந்தக் கைப்பேசியை 24 மணி நேரமும் அணைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வேலை நேரத்தில் கண்காணிப்பதை அவர் எதிர்க்கவில்லை. செயலியை நீக்கியதால் பணிநீக்கம் செய்யப்பட்டதாக அவர் குற்றஞ்சாட்டினார். வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. அங்கே கைப்பேசியாவது நிறுவனத்துடையது. நம்மிடம் பெரும்பாலும் கைப்பேசியும் நம்முடையது, இணையக் கட்டணமும் நம்முடையது.

‘கொத்தனார் தன் கரணையைத் தானே கொண்டுவருவதில்லையா, தச்சர் உளியைக் கொண்டுவருவதில்லையா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். கொண்டுவருகிறார்கள், அதையும் சேர்த்துத்தான் கூலி பேசுகிறார்கள். மேலும், மாலையில் கரணையைக் கழுவிப் பையில் போட்ட பிறகு, கொத்தனார் எங்கே படுத்து உறங்கினார் என்று அது வீட்டு உரிமையாளரிடம் சொல்வதில்லை. செலவைப் பொறுத்தவரை, கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2014-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: வேலைக்காகச் சொந்தக் கைப்பேசியைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டியிருந்தால், ஊழியருக்குக் கூடுதல் செலவு ஏற்பட்டாலும் ஏற்படாவிட்டாலும், கட்டணத்தில் நியாயமான ஒரு பங்கை நிறுவனம் கொடுக்க வேண்டும்.

இருப்பிடத்தைப் போல் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத, ஆனால் அன்றாடம் அரிக்கிற இன்னொன்று உண்டு. வாட்ஸ்ஆப்பில் 2014 நவம்பரில் அறிமுகமான நீல நிற இரட்டைக் குறிகள்தாம் அவை. தனி உரையாடலில் அவற்றை அணைத்துவிடலாம். குழுவில் முடியாது. நம் அமைப்பில் அணைத்திருந்தாலும், குழுவில் ஒரு செய்தியை அனுப்பியவர் அதை அழுத்திப் பார்த்தால் யார் யார் படித்தார்கள், எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று பட்டியல் வரும். அலுவலகக் குழுவில் இரவு பத்து மணிக்கு மேலாளர் ஒரு செய்தி போடுகிறார். குழந்தையின் பள்ளிக் குழுவைப் பார்க்க வந்த நீங்கள் தவறுதலாக இதைத் திறந்துவிடுகிறீர்கள். படித்தாயிற்று, இனிப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. நண்பர்களின் வசதிக்காக வடிவமைக்கப்பட்ட சிறு குறி ஒன்று, வேலையிடத்துக்குள் வந்ததும் மேற்பார்வையாளரின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. இதை யாரும் திட்டமிடவில்லை. அதனாலேயே இதைப் பற்றி யாரிடம் முறையிடுவது என்றும் தெரியவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக, ஆறு ஆண்டுகள் கழித்து வந்தது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன.

இந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு ஒப்புதலை அழகாக வரையறுக்கிறது. ஒப்புதல் சுதந்திரமாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும், விவரம் அறிந்ததாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்துக்கு இடமற்றதாகவும் இருக்க வேண்டும். இதைப் படித்ததும் எனக்கு அந்தப் படிவம்தான் நினைவுக்கு வந்தது. மாதச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் கட்டுகிறவர், சம்பளம் தருபவரிடம் ‘நிபந்தனையற்ற ஒப்புதல்’ எப்படி அளிக்க முடியும்? ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அமைப்புகள் இதை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே வலிமை சமமாக இல்லாததால், ஊழியரின் ஒப்புதலைப் பெரும்பாலான சூழல்களில் உண்மையான ஒப்புதலாகக் கருத முடியாது என்பது அவற்றின் நிலைப்பாடு.

நம் சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். அது தேர்ந்தெடுத்த தீர்வுதான் விசித்திரம். 7-ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவு, ‘வேலைவாய்ப்பு நோக்கங்களுக்காக’வும், நிறுவனத்தை இழப்பிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதற்காகவும் ஊழியரின் தரவை ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்த அனுமதிக்கிறது. தொழில் ரகசியங்களைப் பாதுகாப்பது, வேவு பார்ப்பதைத் தடுப்பது போன்றவை எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டுள்ளன. ‘வேலைவாய்ப்பு நோக்கம்’ என்பதன் எல்லை எது என்று சட்டம் சொல்லவில்லை.

இதன் விளைவு அடுத்த பக்கங்களில்தான் தெரிகிறது. என்ன தரவு எதற்காகத் திரட்டப்படுகிறது என்ற அறிவிப்பு, ஒப்புதல் கேட்கும் இடத்தில் மட்டுமே கட்டாயம். தன்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமையும் (11-ஆம் பிரிவு), அதைத் திருத்தவோ அழிக்கவோ கோரும் உரிமையும் (12-ஆம் பிரிவு) ஒப்புதலின் பேரில் பெறப்பட்ட தரவுக்கே பொருந்தும். ஒப்புதல் தேவையில்லை என்றான பிறகு, இந்த உரிமைகளும் கூடவே கழன்றுவிடுகின்றன. தரவைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். ஆனால், பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று, அதற்கு உரியவரே கேட்க முடியாது. உணவு வரவழைக்கும் செயலியிடம் எனக்கு இருக்கும் உரிமைகூட, வாழ்நாளில் பாதியை நான் செலவிடும் அலுவலகத்திடம் இல்லை.

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி ஒரு தனிமனிதரின் வழக்கால் தீர்க்கப்பட்டது. ருமேனியப் பொறியாளர் போக்டன் பர்புலெஸ்கு, வாடிக்கையாளர்களுக்குப் பதிலளிப்பதற்காக, நிறுவனம் கேட்டுக்கொண்டபடி யாஹூ மெசஞ்சரில் ஒரு கணக்கைத் தொடங்கினார். 2007 ஜூலையில் ஒன்பது நாள்கள் அவருடைய உரையாடல்களை நிறுவனம் பதிவுசெய்தது. ‘அலுவல் விஷயம் மட்டுமே பேசினேன்’ என்று அவர் சொன்னபோது, தம்முடைய சகோதரருடனும் மணம் செய்துகொள்ளவிருந்த பெண்ணுடனும் அவர் நடத்திய உரையாடல்கள் அடங்கிய 45 பக்கங்களை எடுத்து முன்னே வைத்தது. ஆகஸ்ட் 1 அன்று வேலை போயிற்று. உள்நாட்டு நீதிமன்றங்களில் தோற்றார். ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்திலும் 2016-இல் முதலில் தோற்றார். 2017 செப்டம்பர் 5 அன்று, அதே நீதிமன்றத்தின் பேராயம் 11-க்கு 6 என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் நின்றது. நிறுவனம் கண்காணிக்கவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கண்காணிப்பின் தன்மையும் அளவும் அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டனவா, அதற்குத் தக்க காரணம் இருந்ததா, இதைவிடக் குறைவாக ஊடுருவும் வழி இருந்ததா என்று ருமேனிய நீதிமன்றங்கள் ஆராயத் தவறிவிட்டன என்றது. விதிமுறை போட்டதாலேயே ஓர் ஊழியரின் தனிவாழ்வைப் பணியிடத்தில் சுழியமாக்கிவிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

2020 அக்டோபரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையர், எச்&எம் ஆடை நிறுவனத்துக்கு 3.53 கோடி யூரோ அபராதம் விதித்தார். நியூரம்பெர்க் சேவை மையத்தில், விடுப்பு முடிந்து திரும்பும் ஊழியர்களுடன் மேலாளர்கள் நட்பாகப் பேசி, அவர்களுடைய நோய்கள், குடும்பச் சிக்கல்கள், மத நம்பிக்கைகள் வரை குறித்து வைத்திருந்தார்கள். கணினி அமைப்பில் நேர்ந்த பிழையால் சில மணி நேரம் அந்தக் குறிப்புகள் நிறுவனம் முழுவதற்கும் தெரிந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிழை நேராதிருந்தால் இன்றுவரை அவை அங்கேயே இருந்திருக்கலாம்.

இதெல்லாம் கணினி முன் அமர்ந்து வேலை செய்பவர்களின் கவலை என்று எண்ணிவிட வேண்டாம். உண்மையில் கண்காணிப்பின் சுமை முதலில் இறங்குவது கீழே இருப்பவர்கள்மீதுதான். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், எல்லாப் பணித்தளங்களிலும் நாளுக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. படம் பிடிக்க வேண்டியவர் பணித்தளப் பொறுப்பாளர். அவரும் ஏறக்குறைய அதே கூலிக்காரர்தான். கைப்பேசி பெரும்பாலும் அவருடையது. அலைக்கற்றை கிடைக்காத ஏரிக்கரையில் இரண்டாவது படம் ஏறவில்லையென்றால், மண் வெட்டியவரின் அன்றைய கூலி கேள்விக்குள்ளாகிவிடும். முறைகேட்டைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். படத்தையே படம் பிடித்து ஏற்றும் வித்தை நடப்பதை 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே தன் சுற்றறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஏமாற்றத் துணிந்தவர் வழி கண்டுபிடித்துவிட்டார்; நேர்மையானவர்தான் வரப்பில் நின்று கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சண்டீகரில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டிவிட்டது மாநகராட்சி. அதில் கேமராவும் இருந்ததால், அதைக் கட்டிக்கொண்டு கழிப்பறைக்குச் செல்லவே பெண் பணியாளர்கள் தயங்கினார்கள் என்று செய்திகள் வந்தன. அந்தத் தெருவைக் கூட்டியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத் தெருவைப் பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிறுவனங்களின் தரப்பில் நியாயமே இல்லை என்பது என் வாதமன்று. வங்கி வாடிக்கையாளரின் கணக்கு விவரம் ஊழியரின் கைப்பேசி வழியே கசிந்தால், பாதிக்கப்படுபவர் நம்மைப் போன்ற இன்னொருவர்தான். அதைக் காக்கும் கடமை வங்கிக்கு உண்டு. இரவுப் பணிக்குப் பெண்களை அழைத்துச் செல்லும் வாகனத்தில் ஜிபிஎஸ் இருப்பதை எந்தப் பெற்றோரும் எதிர்க்க மாட்டார்கள். ஆனால், அங்கே கண்காணிக்கப்படுவது வாகனம். வீட்டு வாசலில் இறங்கியதும் கண்காணிப்பு முடிகிறது. நோக்கம் எதுவோ அந்த அளவோடு நிற்பது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தொழில்நுட்பமும் இதற்குத் தடையாக இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 2014 முதலே ‘பணிப் பகுதி’ என்றொரு வசதி இருக்கிறது. அலுவலகச் செயலிகள் தனி அறையில் இருப்பதுபோல் ஒதுங்கி இருக்கும். அவற்றின்மீது சிறு கைப்பெட்டிச் சின்னம் தெரியும். நிறுவனம் அந்த அறைக்குள் மட்டுமே அதிகாரம் செலுத்தலாம். வேலையை விட்டுப் போனால் அந்த அறையை மட்டும் அழிக்கலாம். குடும்பப் படங்களைத் தொட முடியாது. மாலையில் அந்தப் பகுதியை ஒரே தொடுதலில் நிறுத்திவைக்கவும் முடியும். இதற்கு மாறாக, கைப்பேசி முழுவதையும் நிர்வகிக்கும் அதிகாரத்தை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டால், முழுக் கைப்பேசியையும் தொலைவிலிருந்தே துடைத்தெடுக்க முடியும். இவற்றுள் எதற்குச் சம்மதித்தோம் என்பதே பலருக்கும் தெரியாது. அலுவலகத்தில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

தனிமனிதர் கேட்டு ஓரளவுதான் ஆகும். பிரான்ஸில் 50 பேருக்கு மேல் பணியாற்றும் நிறுவனங்கள், பணி நேரத்துக்குப் பிறகு ஊழியர் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை குறித்துப் பேச்சு நடத்த வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில் இந்த உரிமையை வழங்கியது. நம் மக்களவையில் சுப்ரியா சுலே இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சுதந்திர இந்தியாவில் இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல். ஆகவே, அந்த வழியில் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவதற்குள், குறைந்தபட்சம் 11, 12-ஆம் பிரிவுகளின் உரிமைகளை ஊழியர்களுக்கும் நீட்டிக்கும் சிறு திருத்தத்தையாவது தொழிற்சங்கங்கள் வலியுறுத்த வேண்டும். பணிக்குக் கைப்பேசி கட்டாயம் என்றால் கைப்பேசியோ படியோ கொடுக்கப்பட வேண்டும். கூலி உயர்வுக் கோரிக்கைப் பட்டியலில் இவற்றுக்கும் இரண்டு வரி ஒதுக்கும் சங்கம் எத்தனை இருக்கின்றன?

அந்த அலுவலகத்திலிருந்து நான் விலகுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு நடந்தது இது. கட்டடத்துக்குள் அண்ணனின் கைப்பேசி இருப்பிடத்தைச் சரியாகக் காட்டாது. அதனால் தினமும் காலையில் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டு, மீண்டும் தெருவுக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்று முகத்தைக் காட்டுவார். திரையில் பச்சை விழுந்ததும் உள்ளே போவார். ஒருநாள் எவ்வளவு நேரம் நின்றும் பச்சை விழவில்லை. மின்னேற்றம் தீர்ந்து கைப்பேசியும் அணைந்துவிட்டது. மாதக் கடைசியில் அந்த நாள் விடுப்பாகக் கழிக்கப்பட்டிருந்தது. விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொன்னார் என்னிடம். ‘அன்றைய தினம் அலுவலகக் கதவைத் திறந்தது நான்தான் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். அடியில் கையெழுத்திட்டுவிட்டு, “இதையும் அந்தச் செயலியிலதான் ஏத்தணுமா சார்?” என்று கேட்டார்.